நாட்பட்ட இடுப்புவலிக்காரருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எப்படி? இலங்கை மலையகத்துக்கு ஏற்ற முழுமையான வழிகாட்டி

பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஓர் ஆஸ்பத்திரியில், இடுப்புவலியோடு வரும் எல்லோருக்கும் ஒரே தாளைத்தான் கொடுப்போம். எட்டுப் படம், எட்டுப் பயிற்சி, ஒவ்வொன்றும் பத்துத் தடவை, காலையும் மாலையும். ஒரு மாதம் கழித்து ஒரு அக்கா திரும்பி வந்தார். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். "செஞ்சீங்களா அக்கா?" என்று கேட்டேன். "செஞ்சேன் மிஸ்" என்றார். தாளை நான்காக மடித்து, பொலித்தீன் பையில் சுற்றி, கிளினிக் கொப்பிக்குள் பத்திரமாக வைத்திருந்தார். கொடுத்த அன்றைக்கு இருந்த மடிப்பு அப்படியே இருந்தது. "சரி, ஒண்ணு செஞ்சு காட்டுங்க" என்றேன். கட்டிலில் ஏறிப் படுத்தவர் கொஞ்ச நேரம் கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "மிஸ், எங்க காம்பராவுல ஆறு பேரு படுக்கிறோம். நான் எங்க போய்க் காலைத் தூக்குறது?"

அந்தத் தாளில் இருந்த எட்டில் ஏழு, தரையில் படுத்துச் செய்ய வேண்டியவை. நுவரெலியாப் பக்கத்துச் சீமெந்துத் தரையில் விடியற்காலை வெறும் பாயில் படுத்துப் பார்த்தவருக்குத் தெரியும், அது என்ன பயிற்சி என்று. தப்பு அந்த அக்காவிடம் இல்லை, தாளைக் கொடுத்த என்னிடம்தான். இப்போது யாருக்கும் மூன்று நான்கு பயிற்சிக்கு மேல் சொல்லிக்கொடுப்பதில்லை. கொடுப்பதையும் அவர் வீட்டில், அவர் உடுப்பில், அவருடைய நேரத்தில் செய்யக்கூடியதாகப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

பிசியோதெரபி பிரிவில் இருப்பவர், தோட்டத்து மருந்துக்காரர், தாதி, குடும்ப நல உத்தியோகத்தர், அம்மாவின் வலியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாத மகள் என்று யார் வேண்டுமானாலும் இதைப் பின்பற்றலாம். 12 கிழமைக்கு மேல் நீடிக்கும் வலியைத்தான் நாட்பட்டது என்கிறோம். நேற்றுச் சாக்குத் தூக்கிப் பிடித்துக்கொண்ட இடுப்புக்கு இது பொருந்தாது.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் உலகத்தில் 61 கோடியே 90 லட்சம் பேருக்கு இடுப்புவலி இருந்தது. அதில் பத்தில் ஒன்பது பேருக்கு, இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று விரல் வைத்துக் காட்டக்கூடிய ஒற்றைக் காரணம் கிடையாது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் கொக்ரேன் அமைப்பிடமிருந்து 2021இல் வந்த மீளாய்வு ஒன்று 249 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நாட்பட்ட இடுப்புவலிக்குப் பயிற்சி பலன் தருகிறது என்றது. பலன் மலையளவு இல்லை. ஆனால் பணம் செலவில்லாமல், அவர் கையிலேயே இருக்கும் பலன்.

பயிற்சிக்கு முன் கேட்க வேண்டியவை

முதல் வேலை, யாருக்குப் பயிற்சி சொல்லிக்கொடுக்கக் கூடாது என்று பார்ப்பது. இதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கேள்வியைச் சரியாகக் கேட்கத் தெரிந்தால் போதும்.

"சிறுநீர்ப் பிரச்சினை இருக்கா?" என்று கேட்டால் நம் ஊரில் பாதிப் பேர் "இல்ல" என்றுதான் சொல்வார்கள், அதுவும் பக்கத்தில் மருமகன் நின்றால். தனியாகக் கூப்பிட்டு, "ஒண்ணுக்கு வர்றது தெரியுதா? முக்கிப் போக வேண்டியிருக்கா? கழுவும்போது அந்த இடம் மரத்த மாதிரி இருக்கா?" என்று கேளுங்கள். இவற்றில் ஒன்றுக்கு "ஆமா" வந்தாலோ, இரண்டு காலும் பலமிழந்து வருவதாகச் சொன்னாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். முதுகின் அடியில் இருக்கும் நரம்புக் கற்றை நசுங்குவதன் அறிகுறி அது. தாமதித்தால் போன உணர்வு திரும்பாமலே போகலாம். வாகனம் இல்லையென்றால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம்.

அடுத்தது விழுந்த கதை. மழையில் வழுக்கி விழுவது மலையில் அன்றாட விஷயம் என்பதால் அதைத் தனியாகச் சொல்லவே மாட்டார்கள். மாதவிடாய் நின்ற பெண்ணுக்கு ஒரு சின்ன விழுகையே முள்ளந்தண்டு எலும்பை நசுக்கப் போதும். கேட்டே தீர வேண்டும். காரணமில்லாமல் உடம்பு இளைப்பது, மாலைக் காய்ச்சல், முன்பு எப்போதாவது புற்றுநோய் அல்லது காசநோய் வந்தது, எப்படிப் படுத்தாலும் அடங்காத இரவு வலி, நீண்ட நாள் ஸ்டீரோய்ட் மாத்திரை எடுத்தது, எல்லாம் டொக்டரிடம் அனுப்ப வேண்டியவை.

எந்தப் பட்டியலிலும் பெரிதாக வராத ஒன்றை எங்கள் பக்கத்தில் நான் கட்டாயம் கேட்பேன். கொழுந்து பறிக்கும் மலையில் மலசலகூடம் இல்லாததால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. சிறுநீர்த் தொற்றும் இடுப்புவலியாகத்தான் வந்து நிற்கும். எரிச்சல், விலாவுக்குக் கீழே ஒரு பக்க வலி, குளிர் காய்ச்சல் இருந்தால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை.

வலிக்கு அவர் சொல்லும் காரணம்

"இந்த வலி எதனால வந்துச்சுன்னு நினைக்கிறீங்க?" இந்த ஒரு கேள்விக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். பதில் பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருக்கும்: டிஸ்க் தேய்ந்துவிட்டது, சிசேரியனுக்கு முதுகில் போட்ட ஊசி, வாயு.

ஊசிக் கதை சின்னக் கதை இல்லை. இருபது வருடமாக அந்த ஊசியைத் திட்டிக்கொண்டிருக்கும் அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். ஊசி போட்ட இடம் சில நாள் வலிக்கலாம். நீண்ட கால இடுப்புவலிக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை. பிள்ளை பெற்ற இடுப்பு, பிள்ளையைத் தூக்கிய இடுப்பு, உடனே வேலைக்குத் திரும்பிய இடுப்பு என்று காரணங்களை அங்கே தேடலாம். ஆனால் எடுத்த எடுப்பில் "அது பொய்" என்று சொல்லிவிடாதீர்கள். "அப்படித்தான் நிறையப் பேர் சொல்றாங்க அம்மா, ஆனா ஊசி போடாதவங்களுக்கும் இதே வலி வருது" என்றால் யோசிப்பார்.

டிஸ்க் தேய்ந்த கதைக்கு ஒரு கணக்குக் கையில் வைத்திருங்கள். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன் படங்களைத் தொகுத்துப் பார்த்து 2015இல் ஒரு மீளாய்வு வந்தது. இருபது வயதுக்காரரில் நூற்றுக்கு 37 பேருக்கும், எண்பது வயதுக்காரரில் 96 பேருக்கும் டிஸ்க் தேய்மானம் இருந்தது. நான் இதைத் தலைமுடியை வைத்துச் சொல்வேன்: "உங்க முடி நரைச்சிருக்கு. வலிக்குதா?" சிரிப்பார்கள். சிரித்தால் பயம் கொஞ்சம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். குனிந்தால் டிஸ்க் வெடித்துவிடும் என்று நம்புகிறவருக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. உடம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டே செய்வார், வலி கூடும், "நான் சொல்லல?" என்பார்.

அப்புறம் இடுப்புப் பட்டி. டவுனில் மூவாயிரம், நாலாயிரம் ரூபா கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டு வருவார்கள். உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட வழிகாட்டலில், நாட்பட்ட இடுப்புவலிக்குப் பட்டியை வழமையாகக் கொடுக்க வேண்டாம் என்றே இருக்கிறது. இழுவைச் சிகிச்சைக்கும் அதே பதில். வாங்கியதைக் குப்பையில் போடச் சொல்ல எனக்கு மனம் வராது. பஸ் பயணத்துக்குக் கட்டிக்கொள்ளுங்கள், வீட்டில் கழற்றிவிடுங்கள் என்று மெல்லக் குறைப்பேன். கோடாலித் தைலம், சித்தாலேப எல்லாம் பூசட்டும், அதில் நான் தலையிடுவதில்லை.

ஒரு வேலை, ஓர் எண்

"வலி இல்லாம இருக்கணும்" என்பது இலக்கு ஆகாது. செய்ய முடியாமல் போன ஒரு வேலையைக் கேளுங்கள். தண்ணீர்ப் பீலியிலிருந்து குடம் கொண்டுவருவது, பேரப்பிள்ளையைத் தூக்குவது, அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) இல்லாமல் முழுப்பேர் போடுவது, தேருக்குக் கோயில் வரைக்கும் நடப்பது என்று ஏதாவது ஒன்று வரும். அதை அவர் சொன்ன சொல்லிலேயே கொப்பியில் எழுதுங்கள்.

கூடவே ஓர் எண் வேண்டும். கை ஊன்றாமல் கதிரையிலிருந்து 30 விநாடிக்குள் எத்தனை தடவை எழும்பி உட்கார முடிகிறது என்று எண்ணுங்கள். போனில் நேரம் பார்த்தால் போதும். ஏழோ பத்தோ, வந்த எண்ணைத் திகதியோடு எழுதுங்கள். வலி ஏறி இறங்கும், நேற்றைய வலியை யாராலும் சரியாக நினைவுபடுத்த முடியாது. எண் அங்கேயே நிற்கும்.

எந்தப் பக்கம் வளைந்தால் சுகம்?

எல்லோருக்கும் ஒரே பயிற்சி ஏன் சரிவராது என்பது இங்கேதான் தெரியும். நியூசிலாந்தின் பிசியோதெரபிஸ்ட் ரொபின் மெக்கன்சியிடம் 1956இல் ஒரு நோயாளி வந்தார். தலைப்பக்கம் உயர்த்தி வைக்கப்பட்டிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்தார். இடுப்பு நன்றாகப் பின்னால் வளைந்துபோய் அப்படியே சில நிமிடம் கிடந்தார். எழும்பியபோது பல கிழமையாக இருந்த கால்வலி போயிருந்தது. சிலருக்கு ஒரு பக்கம் வளைவது மருந்து, மறுபக்கம் வளைவது உபத்திரவம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது.

சோதிப்பது எளிது. நின்றபடி, கை இரண்டையும் இடுப்பின் பின்புறம் வைத்து, பத்துத் தடவை பின்னால் வளையச் சொல்லுங்கள். ஒவ்வொரு தடவையும் முன்பைவிடக் கொஞ்சம் கூட. பிறகு வலி எங்கே இருக்கிறது என்று விரலால் காட்டச் சொல்லுங்கள். காலில் இருந்த வலி தொடைக்கும், தொடையிலிருந்து இடுப்புக்கும் ஏறினால் நல்ல அறிகுறி, நடு இடுப்பில் வலி கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. இடுப்பிலிருந்து கீழே கெண்டைக்கால், பாதம் என்று இறங்கினால் அந்தப் பக்கத்தை உடனே விட்டுவிடுங்கள். "வலி வீட்டுக்குத் திரும்பினா நல்லது, ஊர் சுத்தப் போனா கெட்டது" என்று சொல்லிவைத்தால் மறக்கமாட்டார்.

நாள் முழுக்கச் செடிமேல் குனிந்து நிற்கும் கொழுந்துக்காரருக்கும், லீக்ஸ் தோட்டத்தில் களை எடுப்பவருக்கும் பெரும்பாலும் பின்னால் வளைவதுதான் சுகம்.

வயதானவரில் ஒரு கூட்டம் இதற்கு நேர் எதிர். அவர்களைக் கண்டுபிடிக்க மலையகத்தைப்போல வசதியான ஊர் வேறு இல்லை. "ஏத்தத்துல கஷ்டமா, எறக்கத்துல கஷ்டமா?" என்று கேளுங்கள். ஏறும்போது உடம்பு முன்னால் சாய்கிறது, இறங்கும்போது பின்னால் சாய்கிறது. "ஏத்தம் ஏறிடுவேன் மிஸ், எறங்கும்போதுதான் ரெண்டு காலும் கனத்துப்போகுது, எங்கயாவது குந்தினா சரியாயிடுது" என்றால் நரம்பு போகும் பாதை ஒடுங்கியிருக்கலாம். இவருக்குப் பின்னால் வளையும் பயிற்சி வேண்டாம். படுக்கையில் மல்லாந்து, முழங்காலை ஒவ்வொன்றாக நெஞ்சுக்கு இழுத்துப் பத்து எண்ணி விடுவது நல்லது. டொக்டரும் ஒரு தடவை பார்க்கட்டும்.

பயிற்சிகள்

பின்வளைவு. மேலே சொன்னதேதான். செய்யும் நேரம் முக்கியம். நிறுவைக்குக் கூடையை இறக்கும் நேரம் இருக்கிறதே, அதுதான். கொழுந்து ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை நிறுக்கப்படும். வரிசையில் நிற்கும்போது, பாதை சமமாக உள்ள இடத்தில், கால் இரண்டையும் கொஞ்சம் அகட்டி, பத்து வளைவு. இரண்டு நிமிடம் கூட ஆகாது. தலைசுற்று உள்ளவர் சுவரையோ தூணையோ பிடித்துக்கொண்டு செய்யட்டும். கூடையோ சாக்கோ முதுகில் இருக்கும்போது கூடாது.

இடுப்பு உயர்த்தல். காம்பராவில் ஆறு பேர் என்ற கேள்விக்கு நான் கண்டுபிடித்த பதில் இது. இரவு படுக்கையில் மல்லாந்து, போர்வைக்குள்ளேயே, முழங்காலை மடித்துப் பாதத்தை ஊன்றி, பிட்டத்தை இறுக்கி மெதுவாக உயர்த்த வேண்டும். தோளிலிருந்து முழங்கால் வரை ஒரு சரிவு மாதிரி வந்தால் போதும். ஐந்து எண்ணி இறக்க வேண்டும். எண்ணுவதைச் சத்தமாக எண்ணச் சொல்லுங்கள், வாய் பேசினால் மூச்சு அடைபடாது. பக்கத்தில் பிள்ளை தூங்கினால் உதட்டுக்குள். தொடையின் பின்பக்கம் பிடித்து இழுக்கிறது என்றால் பாதம் தூரத்தில் இருக்கிறது, உடம்புக்குக் கிட்டக் கொண்டுவர வேண்டும். நடு முதுகை வில்லாக வளைப்பவர் கொஞ்சம் குறைவாக உயர்த்தட்டும். இரண்டு சுற்று, ஐந்தைந்து.

சுவர்ப் பலகை. சுவருக்குப் பக்கவாட்டில் நின்று, முழங்கையைத் தோள் உயரத்தில் சுவரில் ஊன்றி, காலைச் சுவரிலிருந்து இரண்டு சாண் தள்ளி வைத்து, உடம்பைக் கம்பு மாதிரி நேராக வைத்துக்கொள்வது. பத்து எண்ணிவிட்டு மற்றப் பக்கம். வீட்டு முன்திண்ணையான இஸ்தோப்பின் சுவரே போதும். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே என்று நாள் முழுக்க நிற்பவருக்கு விலாப்பக்கத் தசைகள் ஒரு பக்கமே உழைக்கும். இதை நான் எந்தப் பறிகாரருக்கும் விட்டுவிடுவதில்லை. லேசாகிவிட்டால் காலை இன்னும் ஒரு சாண் தள்ளி வைக்கலாம்.

நான்கு காலில் நின்று எதிர்க்கையையும் காலையும் நீட்டுவதும் நல்ல பயிற்சிதான், நம் பெண்கள் பலருக்கு அதில் கூச்சம். முழங்கால் வலியும் சேர்ந்துகொள்ளும். அடுப்படித் திண்ணையில் ஒரு கையை ஊன்றி, மற்றக் கையைச் சுவரில் மேலே நீட்டி, எதிர்க்காலைப் பின்னால் ஒரு சாண் மட்டும் உயர்த்தினால் பாதிப் பலனாவது வரும். செய்யாத முழுப் பயிற்சிக்குச் செய்த பாதிப் பயிற்சி மேல்.

கம்பு வைத்துக் குனிதல். இதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நேரம் அதிகம் பிடிக்கும், ஆனால் ஒருமுறை பிடிபட்டால் நாள் முழுக்க உதவும். நேரான கம்பு ஒன்று, செடியின் மட்டம் பார்க்கும் மட்டக்கம்பு இருந்தால் அதுவே போதும். முதுகோடு நெடுக்காக வைத்து, ஒரு கை கழுத்துக்குப் பின்னால், ஒரு கை இடுப்புக்குப் பின்னால் பிடித்துக்கொள்ள வேண்டும். பின்தலை, தோள்பட்டை நடு, வால் எலும்பு, மூன்று இடத்திலும் கம்பு தொட வேண்டும். இப்போது மூன்றும் விடாமல் குனியச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லோரும் முதுகைத்தான் வளைப்பார்கள், கம்பு வால் எலும்பை விட்டு எழும்பிவிடும். "கை ரெண்டுலயும் வாளி வச்சிருக்கீங்க, பின்னால இருக்கிற கதவ இடுப்பால தள்ளுங்க" என்றால் சட்டென்று வந்துவிடும். முழங்கால் லேசாக மடங்கும், பிட்டம் பின்னால் போகும், குனிவு இடுப்பு மூட்டில் நடக்கும்.

ஒருநாள் இதைப் பழகிய அக்கா கம்பைக் கீழே வைத்துவிட்டு, காற்றில் கொழுந்து பறிக்கிற மாதிரி கையை ஆட்டிப் பார்த்தார். இடது காலைச் சற்று முன்னே வைத்தார். "இப்படி ஏத்தத்தப் பாத்து நின்னா செடி கிட்ட வருது மிஸ், குனிய வேண்டியதில்ல" என்றார். சரிதான், சரிவை நோக்கி நின்றால் மேல்பக்கத்துச் செடி உயரமாகத்தான் இருக்கும். நிரை எப்படிப் போகிறதோ, கங்காணி என்ன சொல்வாரோ, எல்லா நேரமும் முடியாது. முடிந்த இடத்தில் செய்யட்டும். எப்போதும் நேராகத்தான் குனிய வேண்டும் என்று சட்டம் போடாதீர்கள். வளைந்து குனிவதும் உடம்புக்கு உரியதுதான். இது இன்னொரு வழி, அவ்வளவே.

நடை. நாள் முழுக்க மலையில் இருப்பவரிடம் "நடங்க" என்றால் முறைப்பார், முறைக்கட்டும். செடிக்குச் செடி நகர்வது வேறு, கையை வீசி ரோட்டில் நடப்பது வேறு. ஆனாலும் நடையை நான் முதலில் சொல்வது தையல்காரர், ஆசிரியர், ஓட்டோ ஓட்டுபவர், கடையில் உட்கார்ந்திருப்பவர் ஆகியோருக்குத்தான். ஆஸ்திரேலியாவில் இடுப்புவலியிலிருந்து தேறிய 701 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2024இல் வெளியானது. பிசியோதெரபிஸ்ட் வழிகாட்ட மெல்ல மெல்ல நடையைக் கூட்டியவர்களுக்கு வலி திரும்பி வர இடைக்கணக்கில் (பாதிப் பேருக்கு இதற்குள், மீதிப் பேருக்கு இதற்குப் பின்) 208 நாள் ஆனது, மற்றவர்களுக்கு 112 நாள். பத்து நிமிடத்தில் தொடங்கி, ஆறு மாதத்துக்குள் அரை மணி நேரம், கிழமையில் ஐந்து நாள் என்று கூட்டிக்கொண்டு போகலாம். மழைக்காலத்தில் பாடசாலை மண்டபம், கோயில் பிரகாரம்.

சொல்லிக்கொடுக்கும் விதம்

ஒரு சந்திப்பில் இரண்டு பயிற்சிக்கு மேல் கிடையாது. முதலில் நீங்கள் பேசாமல் ஒரு தடவை செய்து காட்டுங்கள். பேசிக்கொண்டே செய்தால் அவர் உங்கள் வாயைப் பார்ப்பார், இடுப்பைப் பார்க்கமாட்டார். அப்புறம் அவர் செய்யட்டும். ஐந்து பிழை தெரிந்தாலும் ஒன்றை மட்டும் திருத்துங்கள், பெரியதை. மற்றவை அடுத்த கிழமைக்கு.

பிறகுதான் முக்கியமான இடம். "விளங்கிச்சா?" என்று கேட்காதீர்கள், "விளங்கிச்சு மிஸ்" என்பது மரியாதைக்கு வரும் பதில். கூட வந்தவரைக் கூப்பிட்டு, "இவங்களுக்கு நீங்க சொல்லிக்குடுங்க" என்று ஒதுங்கி நில்லுங்கள். மகளுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அம்மா எங்கே தடுமாறுகிறார் என்பதில் எல்லாம் தெரிந்துவிடும். மாமியார் கூட வந்திருந்தால் இன்னும் நல்லது. வீட்டில் "வேலைக்குப் பயந்து படுத்துக் கிடக்கா" என்ற பேச்சு அன்றோடு குறையும்.

இணையத்தில் கிடைக்கும் வீடியோ வேண்டாம். அவருடைய போனிலோ பிள்ளையின் போனிலோ அவரையே எடுங்கள், பின்னால் உங்கள் குரல். அரை நிமிடம் போதும். அதிலிருப்பது அவருடைய உடம்பு, அவருடைய உடுப்பு என்பதால் "இது என்னால ஏலாது" என்ற சொல்லே வராது.

எழுத்து வாசிக்காதவருக்குத் தாள் எதற்கு? பலசரக்குக் கடையில் கொடுத்த காலண்டர் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கும். செய்த நாளில் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த தடவை அந்தத் தாளைக் கிழித்துக்கொண்டு வரட்டும்.

எவ்வளவு, எப்போது

தொடக்கத்தில் அவர் செய்யக்கூடியதைவிடக் குறைவாகக் கொடுங்கள். பத்து முடியும் என்றால் ஆறு. நல்ல நாளில் முப்பது செய்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவதுதான் நான் அடிக்கடி பார்க்கும் தோல்வி. ஏழு நாளும் ஒழுங்காகப் போனால் அடுத்த கிழமை ஒன்றிரண்டு எண்ணிக்கை கூட்டலாம்.

வலிக்கு ஒரு விதி: செய்யும்போது கொஞ்சம் கூடலாம், மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் எண்ணிக்கையைப் பாதியாக்க வேண்டும், நிறுத்த வேண்டாம். பூச்சியத்திலிருந்து பத்து வரை எண் சொல்லச் சொன்னால் எங்கள் ஆட்கள் எப்போதும் பத்துதான் சொல்வார்கள். அதனால் "இந்த வலியோட இன்னைக்கு மலைக்குப் போவீங்களா?" என்று கேட்பேன். பதில் தெளிவாக வரும்.

காலை எழும்பிய முதல் ஒரு மணி நேரத்தில் ஆழக் குனிய வேண்டாம். இரவில் படுத்திருக்கும்போது டிஸ்க்குகள் நீரை உறிஞ்சிக் கொஞ்சம் பருத்திருக்கும், அந்த நேரத்தில் குனிந்தால் அவற்றில் அழுத்தம் கூடுதலாக விழும். 1998இல் வெளியான ஓர் ஆய்வில், காலையில் குனிவதைத் தவிர்த்த நாட்பட்ட வலிக்காரர்களுக்கு வலி குறைந்தது. நம் பெண்கள் விடிய முன்பே எழும்பி, தரையடுப்பில் குனிந்து ஊதி, ரொட்டி சுட்டு, தண்ணீர் தூக்கி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு ஓடுகிறார்கள். முழுநாளில் மோசமான குனிவெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில்தான் நடக்கிறது. அடுப்பை ஒரு மேடையில் ஏற்ற முடியுமா, தண்ணீரை இரவே பிடித்து வைக்க முடியுமா என்று வீட்டு ஆம்பிளையையும் வைத்துக்கொண்டு பேசுங்கள். சில வீடுகளில் இந்த ஒரு பேச்சு எல்லாப் பயிற்சியையும்விட அதிகம் செய்திருக்கிறது.

வலி கிளம்பும் நாள்

வரும். அதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் "பயிற்சியால கூடிப்போச்சு" என்று எல்லாவற்றையும் விட்டுவிடுவார். அந்த நாளுக்கு வேண்டியவை: ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் வேலையைக் குறைக்கலாம், முழுநாளும் படுக்கக்கூடாது. சுடுதண்ணீர்ப் போத்தலைத் துணியில் சுற்றி வைக்கலாம். சுகம் தரும் பக்கத்து வளைவை இரண்டு மூன்று மணிக்கொரு தடவை செய்ய வேண்டும். வீட்டைச் சுற்றி ஐந்து நிமிட நடை. மற்றப் பயிற்சிகள் பாதி. மாத்திரை வேண்டுமானால் டொக்டரைக் கேட்டு, வயிற்றுப்புண், பிரஷர், சிறுநீரகப் பிரச்சினை இருப்பதைச் சொல்லி வாங்க வேண்டும். அடுத்தவர் டப்பாவிலிருந்து எடுக்கக்கூடாது. மரப்பு கூடினாலோ பாதம் தொங்கினாலோ இந்த ஏற்பாடெல்லாம் ரத்து, நேரே ஆஸ்பத்திரி.

திரும்பப் பார்த்தல்

முதல் கிழமை முடியும்போது ஒரு போன். அதில் "வலி எப்படி?" என்று தொடங்க வேண்டாம். "எத்தனை கோடு போட்டீங்க?" என்று கேளுங்கள். மூன்று என்றாலும் திட்டாதீர்கள், மற்ற நான்கு நாளில் எது குறுக்கே வந்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் மறதியாக இருக்காது. கொந்தரப்பு (ஒப்பந்த) வேலையாக இருக்கும், பிள்ளைக்குக் காய்ச்சலாக இருக்கும், 18 கிலோ எடுக்காவிட்டால் சம்பளம் குறையும் என்ற அவசரமாக இருக்கும். அதற்கேற்ப ஒரு பயிற்சியைக் கழற்றுங்கள்.

இரண்டாம், நான்காம், எட்டாம் கிழமைகளில் நேரில். தூரத்திலிருந்து பஸ் மாறி வருபவருக்கு அது அரைநாள் சம்பளம் போகும் விஷயம், எனவே ஒரே லயத்திலிருந்து (தோட்டத்து வரிசை வீடுகள்) வரும் நாலைந்து பேரை ஒரே நாளில் வரச் சொல்லுங்கள், முடிந்தால் நீங்கள் அங்கே போங்கள். பிள்ளைக் காம்பராவோ (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) கோயில் மண்டபமோ போதும். கூட்டமாகச் செய்தால் கூச்சம் போய்விடும். ஒருவர் கம்பைத் தவறாகப் பிடித்தால் நீங்கள் வாய் திறக்கும் முன் பக்கத்தில் நிற்பவர் திருத்திவிடுவார்.

12ஆம் கிழமை, கொப்பியைத் திறந்து, முதல் நாள் எழுதிய வேலையை அவருக்கே வாசித்துக் காட்டுங்கள். கதிரையைப் போட்டு மறுபடியும் 30 விநாடி எண்ணுங்கள். எண் கூடியிருந்து வேலையும் முடிகிறது என்றால், பயிற்சியைக் கிழமைக்கு மூன்று நாளாகக் குறைத்து, நடையை மட்டும் விடாமல் வைக்கச் சொல்லுங்கள். எண்ணும் கூடவில்லை, வேலையும் முடியவில்லை, காலண்டரில் கோடு மட்டும் நிறைய இருக்கிறது என்றால் முதலில் வளைவுச் சோதனையை இன்னொரு தடவை செய்து பாருங்கள். ஆரம்பத்தில் கேட்ட கேள்விகளையும் திரும்பக் கேளுங்கள். இந்தத் தடவை மருமகன் வெளியே நிற்கட்டும்.